சுண்டெலிக்கு ஒரு துண்டு மசால் வடை

புதுச்சேரி, கடலூர் வட்டார நேயர்களுக்கு என் அன்பு வணக்கம்.

சென்ற ஐப்பசியில், விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலை, லாஸ்பேட்டையிலிருந்து ஓர் இளைஞர் தொலைபேசியில் அழைத்தார். "சார், எலிக்கு மயக்க ஊசி போடும் டாக்டர் யாராவது கிடைப்பாரா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்தார். பின்னாலிருந்து நண்பர்களின் சிரிப்பும் கேட்டது. "கடைசி ஆசை என்ன என்று கேட்டோம் சார், மசால் வடை வேண்டுமாம்" என்று இன்னொருவர் குரல் கொடுத்தார். நானும் வாய்விட்டுச் சிரித்தேன். வீட்டுக்கு வீடு எலிப்பொறியில் வடையைக் குத்திவைத்து வளர்ந்தவர்கள் நாம். நல்ல நகைச்சுவை அது.

அவர் ஒரு பாம்பு வளர்க்கிறார். 'பால் பைத்தான்' என்று அதற்குப் பெயர். மிரண்டால் பந்துபோலச் சுருண்டுகொள்ளும் ஆப்பிரிக்க மலைப்பாம்பு, விஷமில்லாதது. பால் என்று காதில் விழுந்ததும் அவருடைய பாட்டி ஒரு கிண்ணத்தில் பசும்பால் கொண்டுவந்து வைத்துவிட்டாராம். எந்தப் பாம்பின் குடலும் பாலைச் செரிக்காது. அதற்கு வேண்டியது எலிதான். நம் ஊர்ப் பாம்பு எதையும் வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தருவதில்லை. இப்படி வெளிநாட்டிலிருந்து வந்த இனம் என்றால், 2022இல் சட்டம் திருத்தப்பட்டு 2024இல் விதிகள் வந்த பிறகு, அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். அவர் பதிவு செய்திருந்தார். சான்றைக் காட்டிய பிறகுதான் மேலே பேசினேன்.

உயிருள்ள எலியை அப்படியே பெட்டிக்குள் விட்டுவிடுவதுதான் இயற்கை என்று பலர் நினைக்கிறார்கள். வயலில் எலிக்கு ஓட வளை இருக்கிறது, பாம்புக்கு விலகிப் போக வரப்பு இருக்கிறது. இரண்டடிக் கண்ணாடிப் பெட்டியில் இரண்டுக்கும் போக்கிடம் இல்லை. பாம்புக்குப் பசி இல்லாத நாளாக இருந்தால் எலி இரவெல்லாம் மூலையில் நடுங்கும், பிறகு கடிக்கும். எலிக் கடியால் கண் போன பாம்பையும், முதுகுச் சதை பிய்ந்து எலும்பு தெரிந்த பாம்பையும் நான் பார்த்திருக்கிறேன். ஆகவே எலியை முதலில் கொன்றுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். எப்படிக் கொல்வது? அந்தப் பையன் கேட்க வந்த கேள்வி அதுதான். கேட்கக் கூசியதால் சிரிப்பை முன்னால் அனுப்பினார்.

இந்தச் சிரிப்பு எனக்குப் பழக்கமானது. ஓர் ஆய்வு நிலையத்தின் விலங்குக் கூடத்தில் 26 ஆண்டுகள் வேலை பார்த்தேன். வெள்ளைச் சுண்டெலிகளுக்குத் தீனி போடுவது, மரத்தூள் மாற்றுவது, ஆய்வு முடிந்ததும் அவற்றைக் கொல்வது, எல்லாம் எங்கள் பொறுப்பு. புதிதாக வேலைக்கு வருகிற ஒவ்வொரு கூட்டமும் முதல் வாரத்திலேயே நகைச்சுவை பேசத் தொடங்கிவிடும். எலிகளைக் கொல்லும் வாயுப் பெட்டிக்கு 'எமலோக எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைப்பார்கள். எண்ணிக்கை எழுதும் பதிவேடு 'சித்திரகுப்தன் நோட்டு' ஆகிவிடும். பிள்ளையாரின் வாகனத்தைக் கொன்றுவிட்டு மணக்குள விநாயகர் கோவிலுக்கு எந்த முகத்தோடு போவது என்று ஒருவர் கேட்டால், மூஞ்சூறு வேறு சுண்டெலி வேறு, பிள்ளையாரிடம் சொல்லிக்கொள்ளலாம் என்று இன்னொருவர் ஆறுதல் சொல்வார். மேலதிகாரிகள் சிலருக்கு இது பிடிக்காது. நான் ஒருநாளும் தடுத்ததில்லை. சிரித்தவர்கள்தான் மாலையில் கையை மூன்று முறை கழுவுவார்கள். ஒன்றுமே பேசாமல், வாலைப் பிடித்துத் தூக்கி, காய்கறிபோலப் பெட்டிக்குள் எறிந்த ஓர் ஆளைப் பார்த்துத்தான் நான் பயந்தேன்.

ஒரே ஒரு விதி வைத்திருந்தேன். சிரிப்பெல்லாம் கதவுக்கு வெளியே. எலியின் காது மிகக் கூர்மையானது. சுண்டெலியைவிடப் பெரிய இன எலிகள் பயத்தில் எழுப்பும் குரல் 22,000 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும்; மனிதக் காது 20,000த்தோடு நின்றுவிடுகிறது. அறை அமைதியாக இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே அங்கே ஓர் அலறல் நடந்துகொண்டிருக்கலாம். அந்த அறைக்குள் நம் சத்தமும் சேர வேண்டாம்.

இதற்குக் கருணைக்கொலை என்று பெயர் சொல்கிறார்கள். எனக்கு அந்தச் சொல்லில் ஒரு தயக்கம் உண்டு. நோயில் துடிக்கும் நாயை வலியிலிருந்து விடுவிக்கிறோம் என்றால் அது சரி. இந்த எலிக்கு நோய் இல்லை, வலி இல்லை. இன்னும் ஒரு வருடம் நன்றாக வாழக்கூடியது. அதைக் கொல்வது பாம்பின் பசிக்காக. அதன் உயிரை எடுத்துக்கொள்ளும் நாம் பயத்தையும் வலியையுமாவது அதற்குக் கொடுக்காமல் இருக்கக் கடமைப்பட்டிருக்கிறோம். இது சலுகை அல்ல, கடன்.

தவறான வழிகளைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவைதான் வீடுகளில் நடக்கின்றன. உயிரோடு ஃப்ரீசரில் வைப்பது கூடாது. தூங்கியபடியே செத்துவிடும் என்பது நம் ஆறுதலுக்கு நாமே சொல்லிக்கொள்வது. குளிரில் உடம்பு விறைக்க விறைக்க எலி வெகுநேரம் விழித்துக்கொண்டுதான் இருக்கும். தண்ணீரில் அமுக்குவதும் கூடாது. சமையல் சோடாவில் வினிகரை ஊற்றி அந்த வாயுவில் எலியை வைப்பது இப்போது வீடியோக்களில் பரவுகிறது. வருவது கரியமில வாயுதான், ஆனால் எவ்வளவு வேகத்தில் வருகிறது என்பது யார் கையிலும் இல்லை. அந்த வேகத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கரியமில வாயு மூக்கின் ஈரத்தில் பட்டால் அமிலமாகிக் காந்தும். அது உறைக்கும் அளவுக்குச் சேருவதற்குள் எலி நினைவிழந்துவிட வேண்டும். அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி, நிமிடத்துக்குப் பெட்டியின் கொள்ளளவில் 30 முதல் 70 சதவீதம் என்று கணக்குச் சொல்கிறது. பத்து லிட்டர் பெட்டிக்கு நிமிடத்துக்கு மூன்று முதல் ஏழு லிட்டர். இதற்குச் சிலிண்டரும் அளவுமானியும் வேண்டும். மயக்க ஊசியை அதிகமாகப் போட்டுக் கொல்லலாமே என்றால், அந்த மருந்து எலியின் உடம்பிலேயே தங்கி, விழுங்கும் பாம்பையும் சாய்த்துவிடும். லாஸ்பேட்டைப் பையனின் ஊசி அதனால்தான் ஆகாது.

குட்டிகளைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1991இல் ஒருநாள், பிறந்து ஒரு நாளே ஆன குட்டிகளை வாயுப் பெட்டியில் வைத்தோம். வளர்ந்த எலிகளுக்கு வைக்கும் நேரத்தையே வைத்தேன். அசைவு நின்றது. தட்டில் கொட்டிவிட்டுப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தேன். ஓரக்கண்ணில் ஏதோ அசைந்தது. இளஞ்சிவப்பாக, ரோமமில்லாமல், சுண்டுவிரல் நுனி அளவுக்கு இருந்த ஒரு குட்டி வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. பிறகு இன்னொன்று. அன்று பேனாவை வைத்துவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் வெகுநேரம் நின்றேன். தாய் வயிற்றில் குறைந்த ஆக்சிஜனிலேயே வளர்ந்தவை என்பதால் பச்சைக் குட்டிகள் இந்த வாயுவை வெகுநேரம் தாங்கும். பிறந்த அன்றைய சுண்டெலிக் குட்டி சாக 50 நிமிடம் வரை ஆகலாம் என்று 2005இல் ஆய்வு வந்தது. எனக்கு அது 14 ஆண்டுகள் தாமதமாகக் கிடைத்த செய்தி. பாம்புக்குட்டிகளுக்காகக் கடைகளில் அதிகம் விற்பது இந்த ரோமமில்லாத எலிக்குட்டிகள்தாம். வாங்குகிறவர்கள், இவை எப்படிக் கொல்லப்பட்டன என்று கடைக்காரரைத் தயவுசெய்து கேளுங்கள்.

கழுத்தெலும்பை ஒரே இழுப்பில் விலக்கும் முறையும் உண்டு. பழகிய கைக்கு அது ஒரு நொடி. பழகாத கையில் சித்திரவதை. செத்த எலியில் பலமுறை பழகிய பிறகே உயிருள்ளதைத் தொட வேண்டும், அதுவும் மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது. பாகூர் வயல்களில் அறுவடை முடிந்ததும் எலி பிடிக்க வரும் இருளர் பெரியவர் ஒருவர் கையில் அந்த நொடியைப் பார்த்தேன். வளை வாயில் பானையை வைத்துப் புகை ஊதி, மண்ணை வெட்டி, கையை விட்டு எடுப்பார். எலி வெளிச்சத்தைப் பார்க்கும்போதே முடிந்திருக்கும். "துடிக்க விட்டால் நம் கை கூசிப்போகும் தம்பி, அப்புறம் வளைக்குள் விட முடியாது" என்றார். 1978இல் வடநெம்மேலியில் அமைந்த பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் இவர்கள் இனத்தாருடையதுதான். 2023இல் அந்த இனத்தின் வடிவேல் கோபாலும் மாசி சடையனும் பத்மஸ்ரீ பெற்றார்கள். பாம்பையும் எலியையும் இவர்களைவிட அறிந்தவர்கள் யார்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கால்நடை மருத்துவரான என் நண்பரோடு லாஸ்பேட்டைக்குப் போனேன். எலியை வாலில் பிடிக்காதீர்கள் என்று சொன்னேன். சிறு அட்டைக் குழாயை முன்னால் வைத்தால் அதுவே உள்ளே போகும், குழாயோடு தூக்கலாம். இப்படிச் செய்தால் எலியின் பதற்றம் குறைகிறது என்று 2010இல் லிவர்பூல் பல்கலைக்கழகத்தார் காட்டியிருக்கிறார்கள். அன்று தூக்கவே தேவைப்படவில்லை. அது வாழ்ந்த கூண்டுக்கே மூடி போட்டுக் கரியமில வாயுக் குழாயைச் செருகினோம். பழகிய மரத்தூள், பழகிய வாசனை.

மூடுவதற்கு முன் அந்த இரண்டாவது பையன், மசால் வடை என்று குரல் கொடுத்தவர், சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். உண்மையிலேயே வடை. ஒரு துண்டைக் கிள்ளி உள்ளே வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. எலி வந்து முகர்ந்தது. முன்னங்கால்கள் இரண்டிலும் கடலைப்பருப்பு ஒன்றை ஏந்திக்கொண்டு கொறித்தது. நண்பர் வாயுவை மெல்லத் திறந்தார். எலி மீசையைத் துடைத்துக்கொண்டது. இரண்டு முறை தலையைத் தூக்கி மோப்பம் பிடித்தது. பிறகு உட்கார்ந்தபடியே ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூச்சு நின்ற பிறகும் வாயுவை நிறுத்தாமல் காத்திருந்தோம். நண்பர் மார்பில் விரல் வைத்துப் பார்த்து, கண்ணைத் தொட்டுப் பார்த்து, சரி என்றார். பாதிப் பருப்பு மரத்தூளில் கிடந்தது.

எலியை உறையிலிட்டுத் தேதி எழுதி ஃப்ரீசரில் வைக்கப் போனபோது பாம்பு வளர்க்கும் பையனின் அம்மா வாசலை மறித்தார். "இட்லி மாவு இருக்கும் பெட்டியில் வைத்தால் எலியோடு நீயும் வெளியே" என்றார். அம்மா சொன்னது முழுக்க நியாயம். அதற்கென்று தனிப் பெட்டி வாங்கினார்கள். கொடுக்கும் நாளில் உறைந்த எலியை இளகவிட்டு வெந்நீரில் வெதுவெதுப்பாக்கிக் கொடுக்க வேண்டும். மலைப்பாம்பு உதட்டுக் குழிகளால் வெப்பத்தை உணர்ந்துதான் இரையை ஏற்கும்.

அந்த ஒன்றைப் பாம்பு உண்டது. பிறகு கார்த்திகையில் குளிர் தொடங்கியதும் வாயை மூடிக்கொண்டது. இந்த இனம் இப்படி மாதக்கணக்கில் பட்டினி கிடக்கும், பயப்பட ஒன்றுமில்லை. முன்கூட்டியே வாங்கிவைத்த நான்கு சுண்டெலிகள் மொட்டைமாடிக் கூண்டில் இருக்கின்றன. நான்கும் பெண். ஆண் ஒன்று இருந்திருந்தால் 21 நாளில் வீடு நிறைந்திருக்கும். பாட்டிதான் காலையில் அவற்றுக்குக் கம்பு போடுகிறாராம். பாம்புக்குப் பசி வந்ததும் கூப்பிடுகிறேன் சார் என்று சென்ற வாரம் பையன் சொன்னார். இன்னும் கூப்பிடவில்லை.

வணக்கம்.