கழற்றத் தோன்றாத சட்டை

நேயர்களுக்கு வணக்கம்.

நான் தையல்காரி. உவரிக்கும் கூடங்குளத்துக்கும் இடையில் ஒரு கடற்கரை ஊரில் பத்தொன்பது ஆண்டுகளாகத் தையல் மெஷின் மிதிக்கிறேன். என் அப்பா கட்டுமரத்தில் போனவர். அண்ணன் இப்போதும் ஃபைபர் படகில் போகிறார். ரவிக்கையும் பள்ளிச் சீருடையும்தான் எனக்குச் சோறு போடுகின்றன. ஆனால் என் மனம் அதிகமாகச் செலவானது கடலுக்குப் போகிறவர்கள் போடும் சட்டையில்தான். அதைப் பற்றிப் பேச இன்று அழைத்திருக்கிறார்கள்.

முதலில் நம் ஊர் வெயிலைச் சொல்லிவிடுகிறேன். சித்திரை பிறப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பாக, பகல் 12 மணி 20 நிமிடம் வாக்கில், என் ஒரு மீட்டர் அளவுக்கோலை முற்றத்தில் நட்டமாக நிறுத்திப் பார்ப்பேன். நிழலே விழாது. சூரியன் நெல்லைச் சீமையின் உச்சந்தலைக்கு நேர் மேலே நிற்கும் நாள்கள் அவை. ஆவணி நடுவில் மறுபடியும் ஒருமுறை அப்படி வரும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள்கள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. நாட்டுப்படகுகளுக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே கத்திரி வெயில் கொளுத்தும் வைகாசியிலும் எங்கள் ஊர் வள்ளங்களும் ஃபைபர் படகுகளும் கடலில்தான் கிடக்கும். மேலே கூரை கிடையாது. அந்தப் படகில் இருப்பவனுக்கு அவன் உடுத்திய துணிதான் கூரை.

எங்கள் ஊரில் சட்டையைக் கழற்றிவிட்டால் குளிர்ச்சி என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நிழலில் அது உண்மை. நடுக்கடலில் உண்மை இல்லை. வெயில் நேராகத் தோலில் விழுந்தால் உடம்பு சூட்டை அப்படியே வாங்கிக்கொள்கிறது. தொளதொளப்பான சட்டை இருந்தால் வெயில் துணியில் விழும். துணிக்கும் உடம்புக்கும் நடுவில் காற்று ஓடும். வியர்வை அந்தக் காற்றில் உலரும்போது உடம்பு ஆறும். வயலில் நாற்று நடும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்குவதை அம்பாசமுத்திரம் பக்கம் போனால் எந்த வயலிலும் பார்க்கலாம். அவர்களுக்கு இதை யாரும் பாடம் நடத்தவில்லை. நம் ஆண்கள் அவர்களிடம் கற்றுக்கொள்ளலாம் என்று நான் மனதாரச் சொல்கிறேன்.

இன்னொரு பேச்சும் அடிக்கடி காதில் விழும். கறுத்த உடம்புக்கு வெயில் ஒன்றும் செய்யாது என்பார்கள். பாதி உண்மை. தோலின் கறுப்பு நிறம் ஓரளவு காக்கிறது. வெள்ளைத் தோல்காரர்களுக்கு வருகிற அளவுக்குத் தோல் புற்றுநோய் நமக்கு வருவதில்லை. ஆனால் கண்ணுக்கும் உதட்டுக்கும் அந்தக் காப்பு கிடையாது. என் அப்பாவுக்கு ஐம்பது வயதைத் தாண்டியபோது வலது கண்ணின் வெள்ளையில், மூக்குப் பக்கமிருந்து, ஒரு சதை கருவிழியை நோக்கி வளர ஆரம்பித்தது. தூசு விழுந்து உறுத்துகிறது என்றுதான் அவர் நினைத்திருந்தார். திருநெல்வேலியில் கண் மருத்துவரிடம் காட்டினோம். ஆண்டுக்கணக்கில் வெயிலும் காற்றும் கண்ணில் பட்டதால் வருவது, கடல் தொழிலாளர்களிடம் நிறையப் பார்க்கிறேன் என்றார் அவர். சதையை அறுத்து எடுத்தார்கள். “முன்னமே தெரிந்திருந்தால் தொப்பி போட்டிருப்பேனே அம்மா” என்று அப்பா என்னிடம் சொன்னார். அந்தச் சொல்லுக்குப் பிறகுதான் நான் வெயிலுக்குத் தைப்பதைப் பற்றி முறையாக யோசிக்கத் தொடங்கினேன்.

முதலில் தவறு செய்தேன். தடிப்பாக இருந்தால் வெயில் நுழையாது என்று எண்ணி, அண்ணனுக்கு டிரில் துணியில் முழுக்கைச் சட்டை ஒன்று தைத்துக் கொடுத்தேன். காலை ஒன்பது மணி வரை போட்டிருக்கிறார். பிறகு வியர்வையில் ஊறி, சாக்கு மாதிரி கனத்து, மூச்சு முட்டியிருக்கிறது. கழற்றிப் படகின் மூலையில் போட்டுவிட்டார். அன்று காற்று விழுந்துவிட, கரைக்கு வர மதியம் ஒன்றாகிவிட்டது. தோளும் முதுகும் வெந்து, இரண்டு நாள் குப்புறத்தான் படுத்தார். என் தடித்த சட்டை அவரை உச்சி வெயிலில் ஒரு மணி நேரம்கூடக் காக்கவில்லை. உச்சி வெயிலிலும் கழற்றத் தோன்றாத சட்டைதான் வெயிலுக்கான சட்டை. அன்றிலிருந்து துணி எடுத்தாலும் கத்தரி எடுத்தாலும் அந்த ஒன்றைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

இனி துணிக்கு வருகிறேன். சுடுகிற சூடு வேறு, தோலைப் பொசுக்கும் புற ஊதாக் கதிர் வேறு. காற்று வீசினால் சூடு தெரியாது. கதிர் விழுந்துகொண்டேதான் இருக்கும். மெல்லிய மேகத்தையும் அது பெருமளவு ஊடுருவி வந்துவிடும். ஒரு நாளில் வரும் அந்தக் கதிரில் ஏறத்தாழ 60 விழுக்காடு காலை 10 மணிக்கும் பிற்பகல் 2 மணிக்கும் நடுவில் வருவதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. விடியற்காலை மூன்று மணிக்குப் படகைத் தள்ளுகிறவர்கள் அந்த நேரத்தில் கரையில்தானே இருப்பார்கள் என்று கேட்பீர்கள். கரையில் இருப்பார்கள், மணலில் உட்கார்ந்து வலையிலிருந்து மீன் கழித்துக்கொண்டு. காய்ந்த கடற்கரை மணல் தன்மேல் விழும் கதிரில் சுமார் 15 விழுக்காட்டைத் திருப்பி வீசுகிறது. அலை நுரை 25 விழுக்காடு. தலைக்கு மேல் குடை பிடித்தாலும் கீழேயிருந்து வருவது வரும்.

துணி எவ்வளவு தடுக்கும் என்பதற்கு ஓர் அளவு உண்டு. 1996இல் ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் சேர்ந்து அதற்கு முதலில் ஒரு தரம் வகுத்தன. யு.பி.எஃப். என்று சட்டையின் சீட்டில் போட்டிருக்கும். 50 என்று இருந்தால், விழுகிற கதிரில் ஐம்பதில் ஒரு பங்குதான் உள்ளே போகும், அதாவது 2 விழுக்காடு. சாதாரண மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு போய்விடும். அதே டி-ஷர்ட் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு போகும். கடலில் நனையாத சட்டை எது? அதனால்தான் வெள்ளை பனியனோடு கடலுக்குப் போகாதீர்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். அது இருந்தும் இல்லாதது போலத்தான்.

சீட்டு ஒட்டிய சட்டை விலை அதிகம். என்னிடம் வருகிறவர்களுக்கு நான் சொல்லும் சோதனை ஒன்று இருக்கிறது. துணியை ஒற்றை மடிப்பாக விரித்து ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். இழைகளின் நடுவே ஊசிக்கண் ஊசிக்கண்ணாக வெளிச்சம் தெரிந்தால் வைத்துவிடுங்கள். விரல்களின் உருவம்கூடத் தெரியாமல் நெருக்கமாக இருந்தால் எடுங்கள். பிறகு அதே இடத்தை லேசாக இழுத்துப் பாருங்கள். இழுத்தால் சல்லடையாகிற துணி, தோளில் இழுபடும்போதும் சல்லடைதான். இளைஞர்கள் விரும்பிப் போடும் இறுக்கமான விளையாட்டு ஜெர்சிகளில் பல இந்த இடத்தில் தோற்கின்றன. ஒரு அளவு பெரிதாக வாங்கினால் அதே ஜெர்சி நன்றாக உழைக்கும்.

என் தேர்வு டெரிகாட்டன். அதிலும் எடை குறைந்தது, நெருக்க நெசவு. பாலியெஸ்டர் இழை இயல்பாகவே புற ஊதாக் கதிரைப் பிடித்துக்கொள்ளும். பருத்தி கலந்திருப்பதால் உடம்பை உறுத்தாது. நனைந்தால் சட்டென்று உலரும். பருத்திதான் வேண்டும் என்பவர்களுக்கு அடர்நிறப் பாப்ளின் கொடுக்கிறேன். வெளுக்காத காடாத் துணிக்கும் ஒரு நல்ல குணம் உண்டு. வெளுத்த துணியைவிட அது கதிரை அதிகம் தடுக்கும், பருத்தியின் இயற்கையான பழுப்பு அதில் அப்படியே இருப்பதால். பருத்தி எதுவானாலும் தைக்கும் முன் ஒருமுறை நனைத்து உலர்த்துங்கள். சுருங்கும்போது இழைகள் நெருங்கிக்கொள்ளும். தையல்காரர்கள் அளவு தப்பாமலிருக்க நனைப்போம். வெயிலுக்கும் அது நல்லதென்று பின்னால்தான் அறிந்தேன்.

நிறத்தில் நான் கொஞ்சம் பிடிவாதக்காரி. அடர்நிறம் கதிரை நன்றாகத் தடுக்கும் என்பதால் கடைகளில் கடல்நீலம்தான் எடுத்துத் தருகிறார்கள். கடல்நீலச் சட்டையோடு ஒருவர் கடலில் விழுந்தால், அலை நடுவே அவரை எப்படித் தேடுவது? அதனால் நீலமோ பச்சையோ எடுத்தாலும், இரண்டு தோள்களிலும் தொப்பியின் உச்சியிலும் ஆரஞ்சுத் துணியை வைத்துத் தைத்துவிடுவேன். கூலி கூடக் கேட்பதில்லை.

தைப்பதில்தான் உண்மையான வேலை இருக்கிறது. கையைத் தொங்கவிட்டு அளவெடுத்தால் சட்டை கல்யாண வீட்டுக்குத்தான் ஆகும். வலை இழுக்கிறவனுக்குக் கையை முன்னால் நீட்டச் சொல்லி, தோளிலிருந்து விரல் கணு வரை அளவெடுக்கிறேன். அப்போதுதான் இழுக்கும்போது கை மேலேறி மணிக்கட்டு வெளியே தெரியாது. அக்குளில் உள்ளங்கை அளவு சதுரத் துண்டு ஒன்று வைக்கிறேன்; கை தூக்கும்போது சட்டை மொத்தமும் மேலே வராது. பின்பக்க நீளத்தை நான்கு விரற்கடை கூட்டுகிறேன், குனிந்தால் இடுப்பு தெரியாதபடி. முதுகில் தோள்பட்டைத் துண்டுக்குக் கீழே ஒரு மடிப்பைத் திறந்துவிட்டு, உள்ளே கொசுவலைத் துணி வைக்கிறேன். மேலே மூடாக்கு இருப்பதால் வெயில் நுழையாது, காற்று மட்டும் போய் வரும். அண்ணன் இந்தச் சட்டையைத்தான் இப்போது மூன்று கோடையாகப் போடுகிறார். கரை வந்து, குளித்த பிறகுதான் கழற்றுகிறார்.

காலர் நிமிர்ந்து நிற்க வேண்டும். பிடரியில்தான் முதல் அடி விழும். முன்பக்கப் பொத்தான்களைப் பட்டைக்குள் மறைத்துவிடுவேன். வலைக் கண்ணி பொத்தானில் மாட்டினால் போகிற வலையோடு ஆளையும் இழுத்துவிடும் என்பது கடல்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சட்டைப்பை வேண்டாம், கேட்டால் உள்பக்கம் ஒன்று. தையல் ஓரங்களை மடித்து அமுக்கித் தைத்தால்தான் உப்பு படிந்த துணி அக்குளை அறுக்காது. வீட்டில் நல்ல தண்ணீருக்குத் தட்டுப்பாடு இருந்தாலும், அரைக் குடத்தில் ஒருமுறை அலசிவிடுங்கள்.

கீழே சாரம், அதாவது கைலிதான் நமக்குப் பழக்கம். மடித்துக் கட்டினால் முழங்காலும் பாதமும் வெயிலுக்கு. என்ஜின் ஓடும் படகில் தொங்கும் சாரத்தால் வேறு ஆபத்தும் உண்டு. கணுக்காலில் நாடா வைத்த தளர்ந்த கால்சட்டை நல்லது. பாதத்தின் மேல்புறத்தை நனையும் துணியால் எப்போதும் மூடி வைக்க முடியாது. அங்கே வெயிலுக்கான களிம்பைப் பூசிக்கொள்ளுங்கள். உதட்டுக்கும் அதேதான்.

தலைக்கு வருகிறேன். முன்னால் மட்டும் நீட்டிய தொப்பி காதையும் பிடரியையும் விட்டுவிடும். சுற்றிலும் மூன்று அங்குலமாவது விளிம்பு வேண்டும். பனையோலையில் நெருக்கமாக முடைந்த தொப்பி நம் தேரிக்காட்டுப் பனை கொடுத்த கொடை. அதற்குத் தாடைக்குக் கீழே கட்ட ஒரு நாடாவும், விளிம்பின் அடியில் கறுப்புத் துணியும் வைத்துத் தைத்துக் கொள்ளுங்கள். தண்ணீரிலிருந்து எழும்பும் வெளிச்சம் ஓலையின் அடிப்பக்கத்தில் பட்டுக் கண்ணுக்குத் திரும்புவதை அந்தக் கறுப்பு விழுங்கிவிடும். என் அப்பா கண் அறுவைக்குப் பிறகு பத்து ஆண்டு அப்படி ஒரு தொப்பியோடுதான் கடலுக்குப் போனார். துண்டைத் தலையில் கட்டுபவர்கள் இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள். ஒரு மடிப்பின் இழைச் சந்தை மற்றது அடைத்துவிடும். கறுப்புக் கண்ணாடி வாங்கினால், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் என்பதற்கு அடையாளமாக யு.வி. 400 என்று போட்டதாகப் பார்த்து வாங்குங்கள். வெறும் கறுப்பு பயன்படாது. இருட்டில் கண்பாவை விரிந்து, கதிரை இன்னும் அதிகமாக உள்ளே விட்டுவிடும்.

தாமிரபரணிக் கரையிலும் குளத்து மடைகளிலும் தூண்டில் போட்டு உட்காரும் நண்பர்களுக்கும் இவையெல்லாம் பொருந்தும். மருத மர நிழல் கிடைப்பது உங்கள் பாக்கியம். ஆனாலும் முழுக்கைச் சட்டையைக் கைவிடாதீர்கள்.

பழைய சட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை. தோளும் முழங்கையும்தான் முதலில் நைந்துபோகும். வெயில் அதிகம் விழுவதும் அங்கேதான். ஆண்டுக்கொருமுறை ஜன்னலில் பிடித்துப் பாருங்கள். அந்த இரண்டு இடத்திலும் வெளிச்சம் தெரிந்தால், சட்டையை எறிய வேண்டாம், என்னைப் போன்ற ஒருவரிடம் கொடுத்து மேலே இன்னொரு துணி வைத்துத் தைத்துக் கொள்ளுங்கள்.

இப்போது என் மெஷினில் ஆறு சட்டைகள் இருக்கின்றன. எங்கள் ஊர்க் கருவாட்டுக் களத்தில் சாளையும் நெத்திலியும் காய வைக்கும் பெண்களுக்கானவை. வீட்டு ஆண்களின் சட்டையை இரவல் வாங்கி இதுவரை போட்டார்கள். தோள் இறங்கி, கை விரலை மறைத்து, மீன் புரட்ட இடைஞ்சலாக இருந்தது. இப்போது அவரவர் அளவில் தைக்கிறேன். சேலை முந்தானையை உள்ளே செருக இடுப்பில் கொஞ்சம் அகலம் விட்டிருக்கிறேன். ஆறு பேரும் கேட்டது அடர் பச்சை. காலர் வைத்தாயிற்று, காஜா மட்டும் பாக்கி. வெள்ளிக்கிழமை கொடுத்துவிடுவேன்.

வணக்கம்.