பம்ப் எடுத்தும் முட்டுக் குறையவில்லையா? ஒருக்கா எடுத்துக் காட்டுங்க

[காட்சி: கல்லடியில் ஒரு வீட்டு விறாந்தை. கதிரையில் வயதான அம்மா ஒருவர், கையில் நீலப் பம்ப் (இன்ஹேலர்).]

இவர் என்னுடைய அம்மம்மா. நாற்பது வருடத்துக்கு மேல் விறகடுப்பு ஊதியவர். ஒரு நாளும் சுருட்டுப் பிடித்ததில்லை. ஆனாலும் புகைபிடிப்பவர்களுக்கு வருகிற அதே வருத்தம் இவருக்கும் வந்தது. டாக்டர்மார் சிஓபிடி என்பார்கள். மூச்சுக்குழாய்கள் சுருங்கி, உள்ளே போன காற்று வெளியே வர முடியாமல் அடைபட்டுக் கிடக்கிற நோய்.

இரண்டு வருடம் பம்ப் எடுத்தார், முட்டு, அதாவது மூச்சுத்திணறல், குறையவில்லை. ஒவ்வொரு கிளினிக்கிலும் "பம்ப் ஒழுங்கா எடுக்கிறீங்களா?" என்று கேட்பார்கள். "ஓம்" என்பார். மருந்தின் அளவு கூடும். ஒரு நாள் ஒரு தாதி மட்டும் வேறு மாதிரிக் கேட்டார்: "எங்க அம்மா, ஒருக்கா எடுத்துக் காட்டுங்க பாப்பம்."

அம்மம்மா வாயைத் திறந்தார், அடித்தார், வாயை மூடினார். மருந்து முழுக்க நாக்கில். மூச்சை உள்ளே இழுக்கவே இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கூடவே இருந்தும் இரண்டு வருடம் நான் பார்க்கவில்லையே. இதைப் பார்க்கிற நீங்கள் நோயாளியாக இல்லாமல் மகளாகவோ பேரனாகவோ இருந்தால், இன்றைக்கே வீட்டில் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லுங்கள்: எடுத்துக் காட்டுங்க.

[காட்சி: பம்ப் மட்டும், கிட்டத்தில்.]

பம்பிலிருந்து மருந்து மிக வேகமாக வரும். பல பம்புகளில், சரியாக எடுத்தால்கூட 10 முதல் 20 வீதம்தான் நெஞ்சுக்குப் போய்ச் சேரும். மிச்சம் வாயிலும் தொண்டையிலும் படிந்துவிடும். அந்தக் கொஞ்சத்தையும் உள்ளே கொண்டுபோவது உங்கள் மூச்சுத்தான்.

சரி, அம்மம்மாவோடு சேர்ந்து செய்வோம்.

[காட்சி: அம்மம்மா நிமிர்ந்து உட்காருகிறார்.]

மூடியைக் கழற்றி உள்ளே பாருங்கள், தூசியோ பூச்சியோ இருக்கலாம். நன்றாகக் குலுக்குங்கள். இப்போது, பம்பை வாயில் வைக்கும் முன்பே, மூச்சை முடிந்தவரை வெளியே விடுங்கள். அதிகம் பேர் மறப்பது இதைத்தான். ஏற்கெனவே காற்று நிரம்பிய நெஞ்சில் மருந்துக்கு இடம் எங்கே?

பம்பின் வாயைப் பற்களுக்கு நடுவே வைத்து உதட்டால் இறுக்கி மூடுங்கள். மெல்ல இழுக்கத் தொடங்குங்கள், தொடங்கியவுடனேயே ஒரு தரம் அழுத்துங்கள், இழுப்பதை நிறுத்தாதீர்கள். சுடுகஞ்சியை எப்படி மெல்ல உறிஞ்சுவோம், அந்த வேகம் போதும். பிறகு வாயை மூடி மூச்சைப் பிடித்து பத்து வரை எண்ணுங்கள். ஆறு வரைதான் முடிகிறதென்றால் ஆறு. இரண்டாவது தரம் எடுக்க வேண்டுமென்றால் அரை நிமிடமாவது பொறுங்கள்.

பெரும்பாலும் நீலப் பம்ப் முட்டு வரும்போது எடுப்பது. மண்ணிறப் பம்ப் முட்டு இல்லாவிட்டாலும் நாளாந்தம் எடுப்பது. மண்ணிறத்துக்குப் பிறகு வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியலாம்.

[காட்சி: ஸ்பேசர்.]

அழுத்துவதும் இழுப்பதும் ஒன்றாக வரவில்லையா? வயதானவர்கள் நிறையப் பேருக்கு வராது, அது அவர்கள் பிழையில்லை. பம்போடு பொருத்துகிற வெற்றுக் கூடான ஸ்பேசர் அதற்குத்தான். பம்பை ஒரு தரம் அடித்தால் மருந்து இந்தக் கூட்டுக்குள் நிற்கும், நீங்கள் ஆறுதலாக இழுக்கலாம். ஒரே மூச்சில் முடியாவிட்டால் ஐந்து சாதாரண மூச்சு. கழுவும்போது சவர்க்காரத் தண்ணீரில் அலசி, துணியால் துடைக்காமல் உலர விடுங்கள். துடைத்தால் மின்னேற்றம் உண்டாகி மருந்து சுவரில் ஒட்டிக்கொள்ளும்.

ஸ்பேசர் வாங்க முடியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 500 மில்லிலீற்றர் தண்ணீர்ப் போத்தலின் அடியில் பம்ப் இறுக்கமாகப் பொருந்துகிற மாதிரி துளை போட்டு, காற்றுப் போகாமல் அடைத்துப் பாவித்தார்கள், தென்னாபிரிக்காவில். ஆஸ்துமா திடீரெனக் கூடிய பிள்ளைகளில் அது கடை ஸ்பேசருக்கு ஈடாக வேலை செய்தது என்று 1999இல் ஆய்வு வெளிவந்தது. கிளினிக்கில் காட்டிவிட்டுப் பாவியுங்கள்.

[காட்சி: மருந்துக் குளிசைகளும் அதற்குரிய கருவியும்.]

சிலருக்குத் தூள் மருந்துள்ள குளிசை தருவார்கள். இது விழுங்குவதற்கில்லை! விழுங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கருவிக்குள் போட்டு உடைத்து இழுக்க வேண்டும். இதில் இழுக்கும் விதம் தலைகீழ்: மெல்ல இழுக்கக் கூடாது, வேகமாக, ஆழமாக. கருவிக்குள் மூச்சு விடவும் கூடாது, ஈரம் பட்டால் தூள் கட்டிபடும். மாரி காலத்தில் நமது வாவிக்கரைக் காற்றே போதும் அதற்கு. ஆகவே குளிசையை எடுக்கும் நேரத்தில் மட்டும் உறையிலிருந்து பிரியுங்கள். இழுத்த பிறகு திறந்து பாருங்கள், தூள் மிச்சமிருந்தால் இன்னொரு தரம் இழுங்கள்.

நோன்பு மாதத்தில் கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் பலர் பம்பையே நிறுத்திவிடுகிறார்கள். நாளுக்கு இரண்டு வேளை மருந்தென்றால் சஹருக்கும் இப்தாருக்கும் மாற்றித் தரும்படி டாக்டரிடம் முன்கூட்டியே கேளுங்கள். பகலில் முட்டு வந்தால் நீலத்தை எடுக்கத் தயங்க வேண்டாம். நோயாளிக்கு நோன்பைப் பிறகு நோற்கும் சலுகை உண்டு.

பம்ப் முடிந்ததா என்று தண்ணீரில் மிதக்கவிட்டுப் பார்ப்பது பிழை. 200 தரம் அடிக்கிற பம்ப், நாளுக்கு நான்கு தரம் என்றால் 50 நாள். தொடங்கிய திகதியைப் பம்பிலேயே எழுதுங்கள். முடிந்த பிறகும் அது "புஸ்" என்று அடிக்கும், ஆனால் மருந்து இருக்காது. வெயிலில் நிற்கும் மோட்டார்சைக்கிள் பெட்டியில் வைக்கவும் வேண்டாம்.

[காட்சி: மறுபடி விறாந்தை.]

நீலப் பம்ப் எடுத்தும் ஒரு வசனம் முழுதாகப் பேச முடியாமல் திணறினால், உதடு நீலித்தால், 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து, இலங்கையின் சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், பணம் இல்லை. போகும்போது பம்பையும் ஸ்பேசரையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.