சித்திரை வெயிலில் எண்ணுங்கள்

நேயர்களுக்கு வணக்கம். வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்பு கிழக்கு ஆகிய மூன்று பழுப்பு நிலக்கரிப் பகுதிகளும் 2023 ஏப்ரலில் ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டபோது டெல்டாவே நிம்மதியாக மூச்சுவிட்டது. சரி, இனிமேல் தோண்டப்போவது நின்றது. ஏற்கெனவே தோண்டிய நிலம்? கொள்ளிடத்தைத் தாண்டினால் அரியலூர்ச் சுண்ணாம்புக்கல் குழிகள். வீராணத்துக்கு வடக்கே, 1957 முதல் வெட்டப்பட்டுவரும் நெய்வேலி. நம் ஊர்களிலேயே சவுடு எடுத்த பள்ளங்களும், செங்கல் காளவாய்க்கு மேல்மண்ணை விற்ற வயல்களும் இருக்கின்றன.

2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. சுரங்க வேலை முடிந்ததும் குத்தகைதாரர் அங்கே மறுபடி புல் வளர்த்து, தீவனமும் செடிகொடிகளும் உயிரினங்களும் தழைக்கத்தக்க நிலமாக்க வேண்டும். இதைக் குத்தகை நிபந்தனையிலேயே சேர்க்க வேண்டும் என்றது. கவனியுங்கள், நீதிமன்றம் கேட்டது புல். நாம் நடுவதோ மரம், அதுவும் பெரும்பாலும் விழா மேடைக்குப் பக்கத்தில்.

மரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சுரங்கம் மண்ணைத் தலைகீழாக்கிவிடுகிறது. அடி ஆழத்தில் கிடந்தது மேலே வந்து கிடக்கும். அதில் மட்கு இல்லை, தழைச்சத்து இல்லை, நுண்ணுயிரும் இல்லாத குறைதான். நல்ல மேல்மண்ணைத் தனியாக எடுத்துவைத்தாலும், உயரமாகக் குவித்துப் பல வருஷம் விட்டால் உள்ளே காற்றுப் போகாமல் அதிலுள்ள விதைகளும் பூஞ்சைகளும் செத்துப்போகும். தாழ்வாகக் குவித்து, சீக்கிரம் பரப்பிவிட வேண்டும். லாரி ஓடி இறுகிய தரையை ஆழமாகக் கீறிவிடாமல் கன்று நட்டால் வேர் கீழே இறங்காது.

அப்புறம் என்ன விதைப்பது? டெல்டா விவசாயிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கொளிஞ்சி, சணப்பை, தக்கைப்பூண்டு. காற்றிலுள்ள நைட்ரஜனை வேர் முடிச்சுகளில் பிடித்துவைக்கும் அதே பசுந்தாள் செடிகள்தான். சரிவுகளில் வரிசையாக வெட்டிவேர். மண் கொஞ்சம் தேறிய பிறகு வேம்பு, புங்கு, நாவல் என்று கலந்து வைக்கலாம். ஒரே தைலமரத் தோப்பாக நட்டுவிட்டு, காடு வந்துவிட்டது என்று கணக்குக் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை.

சரி, நட்டாயிற்று. நிலம் தேறுகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஐப்பசி அடைமழை முடிந்து கார்த்திகையில் போய்ப் பார்த்தால் எந்தக் கட்டாந்தரையும் பச்சையாகத்தான் இருக்கும். புகைப்படமும் அழகாக வரும். சித்திரையில் போங்கள்.

நான்கு மூங்கில் குச்சிகளால் ஒரு மீட்டர்ச் சதுரச் சட்டம் செய்யுங்கள். நிலத்தில் சில இடங்களில் முளை அடித்து, ஒவ்வொரு வருஷமும் அதே முளையில் சட்டத்தை வையுங்கள். சட்டத்துக்குள் வெறும் தரை எவ்வளவு, என்னென்ன செடி, எறும்புப் புற்று உண்டா என்று குறியுங்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், யாரும் நடாமல் தானாக முளைத்த கன்றுகள். இருபுறமும் வெட்டிய தகர டப்பாவைத் தரையில் அழுத்தி, ஒரு செம்பு நீர் ஊற்றி, அது இறங்க எத்தனை நிமிஷம் ஆகிறது என்று பாருங்கள். இதையெல்லாம் பக்கத்தில் தோண்டாமல் கிடக்கும் ஒரு மேட்டிலும் அதே நாளில் செய்ய வேண்டும். ஒப்பிட ஒன்று இல்லாவிட்டால் எண்ணிக்கைக்கு அர்த்தம் இல்லை.

செயற்கைக்கோள் இருக்கிறதே என்பீர்கள். சென்டினல்-2 ஐந்து நாளைக்கு ஒருமுறை, 10 மீட்டர் நுணுக்கத்தில் படம் தருகிறது, இலவசமாக. பெரிய பரப்புக்கு அது நல்ல உதவி. ஆனால் சீமைக்கருவேல் மூடிய குழியும் அதன் கணக்கில் பசுமைதான். அது சீமைக்கருவேலா புங்கா என்று சொல்ல ஓர் ஆள் நடந்து போகத்தான் வேண்டும்.

எல்லாப் பள்ளத்தையும் மூடத்தான் வேண்டும் என்பதில்லை. சவுடுப் பள்ளம் குட்டையாகவே இருக்கட்டும். செங்குத்தான கரையைச் சரித்துவிட்டால் மாடும் பிள்ளைகளும் விழுந்து சாக மாட்டார்கள்.

மே 1 அன்று கிராம சபை கூடும். அதுவும் சித்திரைதான். அதற்கு முந்தைய வாரம் எண்ணி முடித்துவிட்டால், குறிப்பேட்டைக் கையோடு எடுத்துப்போய், எந்த முளையில் எத்தனை செடி என்று சபையில் வாசித்துப் பதிவு செய்யச் சொல்லலாம். வணக்கம்.