12-இலிருந்து 6-க்கு: முழங்கை அடியில் என்ன குழப்பம்?

[திரையில்: கடிகார முகப்பு. அதன்மேல் ஒரு முழங்கை 12-இலிருந்து நேராக 6-க்கு இறங்குகிறது]

முழங்கையை மேலே தூக்கி, கூர்முனையை எதிராளி மேல் செங்குத்தாக இறக்கினால் அது 'ட்வெல்வ் டு சிக்ஸ் எல்போ'. எம்எம்ஏ என்பது குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த சண்டை விளையாட்டு. அமெரிக்காவில் அதன் பொது விதிகளில் இது 2024 வரை, 20 வருஷத்துக்கும் மேலாக ஃபவுலாக இருந்தது. அதே முழங்கையைக் கொஞ்சம் வளைத்து, 1 மணியிலிருந்து 7 மணிக்கு இறக்கினால்? தாராளமாக அடிக்கலாம். அடி வாங்குகிறவரின் நெற்றி இரண்டிலும் ஒரே மாதிரிதான் கிழியும்.

தடை வந்த கதையே விசித்திரமானது. கராத்தேக்காரர்கள் முழங்கையால் பனிக்கட்டி உடைப்பதை டிவியில் பார்த்துவிட்டு, ஆள் செத்துவிடுவான் என்று அதிகாரிகள் பயந்தார்களாம். விதி எழுதும்போது கூட இருந்த நடுவர் ஜான் மெக்கார்த்தி சொல்வது இது.

[திரையில்: 2009 டிசம்பர் 5, லாஸ் வேகாஸ்]

எம்எம்ஏ வீரர் ஜான் ஜோன்ஸுக்கு அப்போது 22 வயது. மேட் ஹேமிலைத் தரையில் சாய்த்து, மேலே ஏறி உட்கார்ந்து விளாசுகிறார். ஹேமில் அடங்கிவிட்டார், ஆட்டம் முடிந்த மாதிரிதான். அந்த நேரம் பார்த்து முழங்கைகள் நேர்க்கோட்டில் இறங்க, நடுவர் ஸ்டீவ் மாஸகாட்டி குறுக்கே வந்து நிறுத்துகிறார். ஹேமிலால் தொடர முடியவில்லை. ஜெயித்துக்கொண்டிருந்த ஜோன்ஸ் தகுதி நீக்கம். அவருடைய கணக்கில் இருக்கும் ஒரே தோல்வி இதுதான்.

சரி, 'நேர்க்கோடு' என்பதை யார் அளப்பது? எதிராளி கீழே படுத்திருக்கிறார், மேலே இருப்பவர் பாதி சாய்ந்திருக்கிறார். கடிகாரத்தின் 12 எங்கே? கூரைப் பக்கமா, அடிப்பவரின் தலைப் பக்கமா? சற்றே வளைவு இருந்தாலும் செல்லும் என்று நடுவர்கள் விளக்கம் கொடுத்தார்கள். அந்த வளைவைக் கண் இமைக்கும் நேரத்தில் பார்த்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டும். என்னைக் கேட்டால், இந்த விதி தடுத்தது காயத்தை அல்ல, ஒரு கோணத்தை மட்டும்.

2024 ஜூலையில், இந்தச் சண்டைகளை மேற்பார்வையிடும் கமிஷன்களின் சங்கம் இந்தத் தடையை நீக்க வாக்களித்தது. நவம்பர் 1 முதல் நடைமுறை. ஜோன்ஸின் தோல்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

[திரையில்: பின்னந்தலையின் படம், நடுவே ஒரு பட்டை]

அப்புறம், பின்னந்தலை. அங்கே அடிப்பது இன்றும் ஃபவுல். உச்சியிலிருந்து கீழே ஓடும் நடுக்கோடு, இரு பக்கமும் 1 அங்குலம், கழுத்தருகே இன்னும் அகலம். காகிதத்தில் தெளிவாகத்தான் இருக்கிறது. 2013 ஏப்ரலில் கேப்ரியல் கொன்சாகா, டிராவிஸ் பிரவுனின் காலைப் பிடித்து, சண்டை நடக்கும் வலைக்கூண்டின் ஓரமாகத் தள்ளினார். பிரவுன் நின்றபடியே முழங்கையை இறக்கி, முதல் சுற்றிலேயே நாக்அவுட் செய்தார். விழுந்தது காதுப் பக்கமா, பின்னந்தலையா என்ற சண்டை ரசிகர்களிடையே ரொம்ப நாள் ஓடியது.

அடி கிளம்பும்போது காது இருந்த இடத்தில், தலையைத் திருப்பினால் பின்னந்தலை வந்துவிடும். அது அடித்தவர் தப்பா, திருப்பியவர் தப்பா என்பதை முடிவு செய்பவர் பக்கத்தில் நிற்கும் நடுவர்தான். 'பின்னந்தலை, கவனம்' என்று சண்டை நடுவே அவர் கத்துவது இதற்காகத்தான்.