வலிக்க வலிக்க உருட்டாதீர்கள்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

லண்டனில் நடனக் கலைஞர்களுக்குச் சிகிச்சை அளிக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். சில வருடங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, பாலே வகுப்பு நடக்கும் கட்டடத்தின் நடைபாதையில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தியைப் பார்த்தேன். வெறுந்தரையில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தொடையின் வெளிப்பக்கத்துக்கு அடியில் கறுப்பு நிற ஃபோம் ரோலர். உடம்பின் பாரம் முழுவதையும் அதன்மேல் இறக்கி, முன்னும் பின்னுமாக உருண்டுகொண்டிருந்தாள். பற்களை இறுகக் கடித்திருந்தாள், கண்ணோரத்தில் ஈரம்.

"நோகிறதா, பிள்ளை?" என்று கேட்டேன்.

"நொந்தால்தானே அன்ரி இறுக்கம் உடையும்" என்றாள்.

தொடையில் இரண்டு இடங்களில் நீலமாகக் கன்றிப்போயிருந்தது. முழங்கையை நீட்டச் சொன்னேன். கை நேராக நிற்காமல் பின்பக்கமாக வளைந்தது. கட்டைவிரலை மடக்கச் சொன்னேன். அது சிரமமே இல்லாமல் முன்கையைப் போய்த் தொட்டது. பிறவியிலேயே மூட்டுகள் தளர்ந்த உடம்பு. காலைத் தூக்கிக் காதோரம் வைக்கக்கூடிய அந்தப் பிள்ளை, தன் உடம்பு இன்னும் வளையவில்லை என்று நம்பி, நாள்தோறும் இருபது நிமிடம் தன்னைத்தானே நசுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அதை யாரும் வற்புறுத்திச் சொல்லிக்கொடுக்கவில்லை. தோழிகள் செய்தார்கள், இவளும் செய்தாள்.

இன்று நான் பேசப்போவது அவளுக்காகவும், அவளைப் போன்ற பிள்ளைகளைக் காலை நேரத்தில் அவசர அவசரமாகக் காரில் ஏற்றிக்கொண்டு ஓடும் பெற்றோருக்காகவும்.

ஃபோம் ரோலர் என்பது அடர்த்தியான நுரைப் பொருளால் செய்த உருளை. பொதுவாக விட்டம் 15 சென்டிமீட்டர் இருக்கும். நீளமானது 90 சென்டிமீட்டர், பையில் செருகிக்கொள்ளும் குட்டை உருளை 30 சென்டிமீட்டர். கையால் அழுத்தினால் அமுங்கிக்கொடுப்பதும் உண்டு. உள்ளே கெட்டிக் குழாய் வைத்து, மேலே மேடு பள்ளமாக வார்த்ததும் உண்டு. தசைக்கு அடியில் வைத்து, உடம்பின் எடையையே அழுத்தமாக்கி உருட்ட வேண்டும். அவ்வளவுதான் கருவி.

யாழ்ப்பாணத்தில் என் அம்மம்மா தோள் பிடித்துக்கொண்டவர்களுக்கு நல்லெண்ணெய் தடவி உலக்கையை உருட்டிவிடுவார். ஆகவே முதன்முதலில் இந்த உருளையைப் பார்த்தபோது எனக்கு அது புதிதாகவே படவில்லை. ஆனால் அம்மம்மாவின் கண் உலக்கையில் இருக்காது, படுத்திருப்பவரின் முகத்தில்தான் இருக்கும். முகம் சுளித்தால் கை இளகிவிடும். மேற்கில் இந்த உருளையை உடற்பயிற்சிக்குள் கொண்டுவந்தவர்களில் ஒருவர் மோஷே ஃபெல்டன்கிரைஸ். 1904இல் பிறந்து 1984இல் மறைந்தவர், இயற்பியலும் ஜூடோவும் கற்றவர். அவரும் உருளையைத் தசையை நசுக்கப் பயன்படுத்தவில்லை. அதன்மேல் ஆளைப் படுக்கவைத்து, உடம்பு எப்படிச் சமநிலை தேடுகிறது என்று அவரையே கவனிக்கச் செய்தார். நசுக்கும் பழக்கம் பின்னால் வந்தது.

பாலே கலைஞருக்கு இது ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு அவருடைய ஒரு நாளைப் பார்த்தால் போதும். காலையில் சுவரோரமாக இடுப்புயரத்தில் இருக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு வகுப்பு. அதில் முதல் அசைவே பிளியே, அதாவது பாதங்களை வெளிநோக்கித் திருப்பி, முழங்கால்களை மடித்துத் தாழ்வது. பிறகு குதிகாலைத் தூக்கி எழுவது, தாவுவது, இறங்குவது. பகல் முழுவதும் ஒத்திகை, மாலையில் மேடை. பெண்கள் விரல்நுனிக் காலணி அணிந்து முழு உடம்பையும் கால்விரல் நுனியில் நிறுத்துகிறார்கள். 2012இல் வெளியான ஓர் ஆய்வு, தொழில்முறைப் பாலே குழு ஒன்றின் 52 கலைஞர்களை ஓராண்டு முழுவதும் பின்தொடர்ந்தது. அந்த ஓராண்டில் பதிவான காயங்கள் 355. ஆயிரம் மணி நேர ஆட்டத்துக்கு 4.4 காயங்கள். அவற்றில் பாதிக்கும் மேலானவை விழுந்தோ மோதியோ வந்தவை அல்ல. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்து தேய்ந்து வந்தவை.

அந்தத் தேய்மானத்தை அதிகம் சுமப்பது கெண்டைக்கால். அதன் ஆழத்தில், கால் பெருவிரலை மடக்கும் நீண்ட தசை ஒன்று இருக்கிறது. அதன் தசைநாண், அதாவது தசையை எலும்போடு இணைக்கும் நார், கணுக்காலின் உள்பக்கம் சுற்றிப் பாதத்துக்குள் இறங்குகிறது. விரல்நுனியில் நிற்கும்போது உடம்பைத் தாங்குவதில் அதற்குப் பெரும் பங்கு. அது வீங்கி வலிப்பதற்கு நடனக்காரர்களின் தசைநாண் அழற்சி என்றே மருத்துவத்தில் பெயர் இருக்கிறது.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். உருட்டும்போது உள்ளே என்ன நடக்கிறது?

"தசையில் முடிச்சு விழுந்திருக்கிறது, உருட்டினால் அது உடையும்" என்று நானே பல வருடங்கள் சொல்லிவந்தேன். எனக்குக் கற்பித்தவர்களும் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் 2008இல் வெளியான ஒரு கணக்கீடு என்னை யோசிக்கவைத்தது. தொடையின் வெளிப்பக்கத்தை இறுகப் போர்த்தியிருக்கும் சவ்வையும் உள்ளங்கால் சவ்வையும் வெறும் ஒரு சதவீதம் அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்று அதில் கணக்கிட்டிருந்தார்கள். உயிருள்ள உடம்பு தாங்கக்கூடிய அளவைத் தாண்டிய விசை வேண்டும் என்று விடை வந்தது. நடைபாதையில் அந்தப் பிள்ளை உடைக்க முயன்றது இந்தச் சவ்வைத்தான். அது உடையவும் இல்லை, நீளவும் இல்லை. நடுவில் இருந்த சதைதான் கன்றிப்போனது.

அப்படியென்றால் உருட்டிய பிறகு கால் கொஞ்சம் இலகுவாக வளைகிறதே, அது பொய்யா? பொய்யில்லை. 2013இல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் பதினோரு ஆண்களை வைத்துச் செய்த சோதனையில், முன்தொடையை ஒரு நிமிடம் வீதம் இரண்டு முறை உருட்டினார்கள். இரண்டு நிமிடம் கழித்து முழங்கால் மடியும் கோணம் 10 பாகை கூடியிருந்தது. பத்தாவது நிமிடத்தில் 8 பாகை. தசையின் வலு குறையவில்லை. ஒரு காலை மட்டும் உருட்டினால் உருட்டாத மறு காலின் கணுக்காலும் சற்று அதிகமாக வளைகிறது என்று வேறு ஆய்வுகள் காட்டின. 2015இல் வெளியான இன்னொரு சிறிய ஆய்வில், உள்ளங்காலை டென்னிஸ் பந்தின் மேல் இரண்டு நிமிடம் உருட்டியவர்களுக்குக் குனிந்து கால்விரலை எட்டும் தூரம் கூடியது. பந்து பின்தொடையைத் தொடவே இல்லை.

உருட்டாத கால் வளைகிறது என்றால், மாறியது தசையின் நீளம் அல்ல. நரம்பு மண்டலம் தன் காவலைச் சற்றுத் தளர்த்துகிறது. "இதற்கு மேல் போகாதே" என்று அது பிடித்துவைத்திருந்த எல்லையைக் கொஞ்சம் தள்ளி வைக்கிறது. அழும் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுப்பது போன்ற வேலை இது. தட்டிக்கொடுக்கும் கையே அடித்தால் குழந்தை இன்னும் வீறிடும். தசையும் அப்படித்தான், அளவுக்கு மீறி வலித்தால் தன்னைக் காத்துக்கொள்ள இறுகும்.

அந்தத் தளர்வு நிலைக்கும் நேரம் சில நிமிடங்கள்தான். அதனால் உருட்டி முடித்ததும் கைப்பேசியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் கிடைத்தது கையை விட்டுப் போய்விடும். கிடைத்த வளைவை உடனே வலுவோடு பயன்படுத்த வேண்டும்.

கெண்டைக்காலை எடுத்துக்கொள்வோம். தரையில் உட்கார்ந்து காலை நீட்டி, கணுக்காலுக்குச் சற்று மேலே உருளையை வையுங்கள். கைகளைப் பின்னால் ஊன்றிக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பிட்டம் தரையிலேயே இருக்கட்டும். காலின் பாரமே போதும். கணுக்காலிலிருந்து மேலே போய்ச் சேர ஒரு பத்து விநாடியாவது எடுத்துக்கொள்ளுங்கள். முழங்காலின் பின்குழிக்கு முன்பே நிறுத்திவிட வேண்டும், அந்தக் குழியில் நரம்பும் இரத்தக் குழாயும் மேலாகவே ஓடுகின்றன. சுருக்கென்று ஓர் இடம் தட்டுப்பட்டால் அங்கே நின்று, மூச்சை மெல்ல வெளியே விட்டபடி பாதத்தை ஆறேழு முறை மேலும் கீழும் அசையுங்கள். பிறகு பெருவிரலை மட்டும் அசைத்துப் பாருங்கள். நான் முன்பு சொன்ன அந்த ஆழத்துத் தசை உருளைக்கு மேலே நகர்வது தெரியும். ஒரு காலுக்கு ஒரு நிமிடம், வேண்டுமானால் இன்னொரு நிமிடம்.

உடனே எழுந்து கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். குதிகால் தரையை விட்டு எழாமல், மெதுவாக ஐந்தாறு பிளியே. முழங்கால் முன்பைவிடச் சற்றே அதிகம் முன்னால் போகும். பிறகு குதிகாலைத் தூக்கி நின்று, மூன்று எண்ணி இறக்குவது பதினைந்து முறை. இந்தப் பகுதியைத்தான் பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். என்னைக் கேட்டால் உருட்டுவதை விட்டாலும் இதை விடக்கூடாது.

அழுத்தம் எவ்வளவு என்று எல்லோரும் கேட்பார்கள். நான் சொல்லும் அளவுகோல் ஒன்றே ஒன்று: பக்கத்தில் இருப்பவரோடு பேசிக்கொண்டே உருட்ட முடிய வேண்டும். பேச்சு நின்று மூச்சைப் பிடித்தால் அழுத்தம் கூடிவிட்டது. கைகளால் உடம்பைத் தாங்கிப் பாரத்தைக் குறையுங்கள், அல்லது மென்மையான உருளையை எடுங்கள்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. வகுப்புக்கு முன் என்றால் சுருக்கமாக, தசைக்கு ஒரு நிமிடம். தாவுவதற்குச் சற்று முன்னால் ஒரே நிலையில் ஒரு நிமிடத்துக்கும் மேலாக இழுத்துப் பிடித்து நிற்பது தசையின் வலுவைச் சிறிது நேரம் குறைக்கும் என்பது ஆய்வுகளில் தெளிவாகியிருக்கிறது. குறுகிய நேரம் உருட்டுவதில் அந்தக் குறை இல்லை, பாலே கலைஞர்களுக்கு இதன் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது. இரவு ஆட்டம் முடிந்த பிறகு என்றால் அவசரமில்லாமல், நீளமாக உருட்டலாம். கடும் உழைப்புக்குப் பிந்தைய தசைவலி ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்தைத் தொடும். அதை உருளை சற்றுக் குறைக்கிறது. எவ்வளவு? 2019இல் 21 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வில், முன்கூட்டி உருட்டினால் நெகிழ்வு சராசரியாக 4 சதவீதம் கூடியது, பின்னர் உருட்டினால் வலியுணர்வு 6 சதவீதம் குறைந்தது. சிறிய எண்கள்தான். ஆனால் மறுநாள் காலையில் மீண்டும் கம்பியைப் பிடிக்க வேண்டிய ஒருவருக்கு அந்தச் சிறு நிம்மதியும் பெரிது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

உடம்பு தேறுவதற்கு உண்மையான மருந்து உறக்கமும் உணவும்தான். இதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் கோபமும் வருகிறது. மெலிந்த உடம்பே அழகு என்ற எண்ணம் பாலேயில் வேரூன்றிப்போயிருக்கிறது. ஆட்டத்துக்கு ஈடாகச் சாப்பிடாத பிள்ளைக்கு மாதவிடாய் நிற்கும், எலும்பு பலவீனமாகும், பாதத்தின் சிறு எலும்புகளில் மயிரிழை விரிசல் விழும். அந்தப் பிள்ளைக்கு எந்த உருளையும் உதவாது. எலும்பில் ஒரே புள்ளியில் தொட்டால் துடிக்கிற வலியோ, படுத்திருக்கும்போதும் விடாத வலியோ இருந்தால் உருட்டாதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக இருந்தால் அன்றே காட்ட வேண்டும். அது இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்ததாக இருக்கலாம். கீழ்முதுகுக்கு அடியில் உருளையை வைத்து உருளவும் வேண்டாம்.

இன்னொன்று, பாதங்களை வெளிநோக்கித் திருப்புவது. பரதநாட்டியத்தில் அரைமண்டி இருப்பவர்களுக்கு இது நன்றாகவே தெரியும். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். அது எவ்வளவு வரும் என்பதைப் பெரும்பாலும் எலும்பின் அமைப்பே தீர்மானிக்கிறது. உருளையால் எலும்பை மாற்ற முடியாது. இடுப்பில் கிடைக்காததை முழங்காலைத் திருகி எடுத்தால் விலை கொடுப்பது முழங்கால்தான்.

அந்தப் பிள்ளைக்கு வருகிறேன். தளர்ந்த மூட்டுள்ள அவளுக்கு இன்னும் நெகிழ்வு தேவைப்படவே இல்லை. இருக்கிற நெகிழ்வைப் பிடித்து நிறுத்தும் வலுதான் தேவைப்பட்டது. தொடையின் வெளிப்பக்கம் இறுகியிருந்ததற்குக் காரணமே, தளர்ந்த இடுப்பைத் தாங்க அந்தத் தசைகள் நாளெல்லாம் பாடுபட்டதுதான். அவளுடைய இருபது நிமிடத்தை நாங்கள் பங்கிட்டோம். உருளைக்கு நான்கு நிமிடம், கெண்டைக்காலுக்கும் உள்ளங்காலுக்கும் மட்டும். மீதிப் பதினாறு நிமிடமும் இடுப்புக்கும் பாதத்துக்கும் வலுவூட்டும் பயிற்சி. முதல் வாரம் அவளுக்கு நம்பிக்கையே இல்லை. "நோகவே இல்லையே அன்ரி, இது வேலை செய்யுமா?" என்று கேட்டாள். மூன்று மாதம் போனது.

பிறகு ஒரு நாள் அதே நடைபாதையில் அவளைக் கண்டேன். கெண்டைக்காலுக்கு அடியில் அதே கறுப்பு உருளை. பக்கத்தில் இருந்த தோழியிடம் பள்ளிக்கூடத்துக் கதை ஏதோ சொல்லிச் சிரித்தபடி, மெதுவாக உருட்டிக்கொண்டிருந்தாள். கதை முடிவதற்குள் ஒரு நிமிடம் ஆகிவிட்டது. உருளையைத் தோழியிடம் தள்ளிவிட்டு எழுந்து, கம்பியைப் பிடிக்க உள்ளே போனாள்.

நன்றி. வணக்கம்.