நொந்த மனம் வில்லைத் தூக்காது

(பட்டிமன்றத் தலைப்பு: "இசைக் கலைஞனை ஆக்குவது மனவேதனையா? மனநலமா?" இடம்: இணுவில். "மனநலமே" அணியின் இரண்டாவது பேச்சு.)

நடுவர் ஐயா அவர்களுக்கும், என் அணியினருக்கும், எங்களை மறுக்க வந்திருக்கும் எதிரணியினருக்கும், பின்வரிசையில் தொடையில் தாளம் போட்டபடி கேட்டுக்கொண்டிருக்கும் பெரியவர்களுக்கும் வணக்கம். இணுவிலில் நின்று இசையைப் பற்றிப் பேசுவது லேசான காரியம் இல்லை. தவில் மேதை தட்சணாமூர்த்தியைத் தந்த ஊர். பாடலாசிரியர் வீரமணி ஐயர் வாழ்ந்த ஊர். இங்கே தேத்தண்ணிக் கடையில் இருப்பவர்கூடத் தாளம் பிசகினால் திரும்பிப் பார்ப்பார்.

எனக்கு முன் பேசிய எதிரணித் தம்பி நல்லாய்ப் பேசினார், கைதட்டலும் வாங்கினார். வேதனை இல்லாதவனுக்குப் பாட்டு வராது என்றார். கம்பனே தன்னைப் பூனை என்று தாழ்த்திக்கொண்டுதான் காவியம் பாடினான் என்றார். ரஷ்ய இசைமேதை ரக்மனினோவ் மனமுடைந்ததால்தான் அவருடைய பெரிய படைப்பு பிறந்தது, மருந்து கொடுத்து மனத்தைச் சமப்படுத்தினால் கலை செத்துப்போகும், எங்கள் மண்ணின் காயமே எங்கள் பாட்டு என்று அடுக்கிக்கொண்டே போனார். கடைசியாகச் சொன்னதற்குச் சிலர் கண் கலங்கியதையும் பார்த்தேன். அதற்கு வருவேன். முதலில் கம்பன். யாழ்ப்பாணத்தில் பட்டிமன்ற மேடையேறிக் கம்பனைத் தொடாமல் இறங்கினால் சனம் விடாது.

பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடித்துவிட ஆசைப்பட்டுப் போன பூனையைப் போல, நானும் இராமன் கதையைச் சொல்லப் புகுந்தேன் என்று கம்பன் அவையடக்கம் சொன்னான். தம்பிக்கு இதில் தாழ்வுணர்ச்சி தெரிகிறது. ஐயா, கடல் எவ்வளவு பெரிது என்று அந்தப் பூனைக்குத் தெரியும். தெரிந்தும் போயிற்று. "நானும் ஒரு பூனையா, எனக்கும் ஒரு நாக்கா" என்று கரையில் சுருண்டு கிடக்கவில்லை. கடலைப் பார்த்து மலைத்த கவிஞன் பத்தாயிரத்துக்கு மேல் பாட்டுப் பாடி முடித்தான். தன்னையே வெறுத்தவனாக இருந்திருந்தால் பாலகாண்டமும் தாண்டியிராது. எடுத்த வேலை பெரிது என்ற மலைப்பு கலைஞனுக்கு வேண்டும், அதை நாங்கள் மறுக்கவில்லை. நடுவர் ஐயா இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு எதிரணி வந்து "பார்த்தீர்களா, ஒத்துக்கொண்டுவிட்டார்" என்று சொல்லும்.

பாட்டு எப்படி வருகிறது என்பதில் எங்கள் சனத்துக்கு ஒரு கற்பனை உண்டு. கலைஞன் யன்னலோரம் சோகமாய் இருப்பான், கண்ணீர் விழும், கூடவே பாட்டும் விழும். சினிமா பார்த்துக் கெட்டுப்போனோம். நான் வயலின் ஆசிரியை. தமிழ்த்தினப் போட்டி வந்தால் குழுப்பாட்டுக்கு மெட்டுப் போடும் வேலையை என் தலையில் கட்டுவார்கள். அப்போது நடப்பதைச் சொல்கிறேன், கேளுங்கள்.

பிள்ளைகள் போனபிறகு சுருதிப்பெட்டியைப் போட்டுவிட்டு உட்காருகிறேன். கானடா இராகத்தில் ஒரு பல்லவி வருகிறது. பாடிப் பார்த்தால், காந்தார ஸ்வரம் தட்டையாய் நிற்கிறது. அது அசைந்து அசைந்து இறங்கினால்தானே கானடா? திருத்துகிறேன். இப்போது சொல் இடிக்கிறது. குறில் இருக்கும் இடத்தில் மெட்டு நீள்கிறது, "மலர்" என்பது "மலார்" ஆகிறது. மெட்டை விட்டுக்கொடுப்பதா, பாட்டு எழுதித் தந்த தமிழாசிரியரிடம் வேறு சொல் கேட்பதா? அவரிடம் கேட்கவும் பயம், அவர் தன் சொல்லில் கை வைக்க விடமாட்டார். கைபேசியில் பதிந்து வைத்துவிட்டுக் குசினிக்குப் போகிறேன். புட்டு அவியும் நேரத்தில் எடுத்துக் கேட்டால் முதல் வரி பிடிக்கிறது, அனுபல்லவி பிடிக்கவில்லை. அடுத்த நாள் பிள்ளைகள் பாடினால் மேல் ஷட்ஜத்தில் சின்னதுகள் கத்துகின்றன. சரி, சுருதியை இறக்கு. இறக்கினால் கீழே பஞ்சமம் யாருக்கும் கேட்காது. திரும்பவும் மெட்டில் கை வைக்க வேண்டும்.

இதில் அடிக்கு அடி சந்தேகம் இருக்கிறது ஐயா. எல்லாம் காந்தாரத்தின் மேல், சொல்லின் மேல், சுருதியின் மேல் வருகிற சந்தேகம். அதற்கு விடை உண்டு, திருத்தலாம். ஆனால் சில இரவுகளில் இன்னொரு குரல் வரும். "நீ ஆர் மெட்டுப் போட? உன்னைவிட நல்லாய்ப் போட எத்தனை பேர் இருக்கினம். மேடையில சனம் சிரிக்கப்போகுது." இந்தக் குரலுக்கு எந்த ஸ்வரத்தைத் திருத்திக் காட்டுவது? அது பாட்டில் குற்றம் கண்டுபிடிக்கவில்லை, ஆளையே குற்றம் என்கிறது. முதற்குரல் கேட்கிறவரைக்கும் வேலை நடக்கும். இரண்டாவது வந்தால் வயலின் பெட்டியை மூடவேண்டியதுதான். எதிரணி இரண்டையும் ஒன்றாக்கிக் "கலைஞனின் ஐயம்" என்று மாலை போடுகிறது. நாங்கள் கேட்பது, அந்த மாலை யாருடைய கழுத்தில் விழுகிறது என்று.

பயம் உடம்பில் செய்வதைப் பாருங்கள். அட்ரினலின் ஏறும், நெஞ்சு அடிக்கும், வாய் உலரும், கை நடுங்கும். பேச்சாளர் என்றால் தண்ணீர் குடித்துச் சமாளிக்கலாம். நாதஸ்வரக்காரர் என்ன செய்வார்? வாயில் வைத்து ஊதும் சீவாளி ஈரமாக இருந்தால்தான் நாதம் பேசும். கருவியில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் சீவாளிகளை மாற்றி மாற்றிப் போட்டாலும், உலர்ந்த வாய் ஈரமாகாது. பதற்றத்தில் மூச்சும் நெஞ்சோடு நின்றுவிடும், அடிவயிற்றிலிருந்து வராது. வேதனை கலையை வளர்க்கும் என்று சொல்பவர்கள் ஒருநாள் நாதஸ்வர, தவில் மேளச்சமாவுக்கு முன் அந்தத் திண்ணையில் போய் இருந்து பார்க்க வேண்டும்.

(நடுக்கத்துக்கு ஒரு குளிசை இருக்கிறது, ப்ரோப்ரனோலோல். உலகமெங்கும் இசைக்கலைஞர்கள் மேடைக்கு முன் போடுகிறார்கள். அதற்காக நாளைக்கே பாமசியில் போய் நீங்களாக வாங்கிவிடாதேங்கோ. ஆஸ்துமா உள்ளவருக்கு அது ஆபத்து. வைத்தியர் எழுதித் தர வேண்டிய மருந்து.)

என்னிடம் வயலின் படித்த ஒரு பிள்ளையைச் சொல்கிறேன். பெயர், ஊர் ஒன்றும் சொல்லமாட்டேன். வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சைக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தாள். வீட்டில் வாசித்தால் கல்யாணி இராகம் வழிந்து வரும். பரீட்சைக்குச் சில மாதம் இருக்கும்போது வகுப்புக்கு வருவது குறைந்தது. வந்தாலும் வயலின் வில்லுக்கு ரோசின் பிசினைப் பூசிப் பூசி வைத்துக்கொண்டிருப்பாள், தந்தியில் வைக்கமாட்டாள். "என்ன பிள்ளை?" என்றால், "நான் ஒண்டுக்கும் உதவாது ரீச்சர்" என்பாள். நித்திரை இல்லை. சாப்பாடு இல்லை. கண்ணூறு என்று தாய் நூல் கட்டினா, கோயிலுக்கு நேர்ந்தா. அதைக் குறை சொல்லமாட்டேன், தாய்க்குத் தெரிந்ததைத்தானே தாய் செய்வா. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ என்று நான் சொன்னதுக்குத்தான் அவ அழுதா. "விசர் கிளினிக்குக்குப் போனதெண்டு நாளைக்குக் கலியாணம் பேசேக்க ஆரும் சொன்னால்?"

இந்த இடத்தில் எதிரணித் தம்பி இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "அம்மா, கவலைப்படாதேங்கோ, பிள்ளைக்கு நல்ல முகாரி வரப்போகுது" என்றா?

கூட்டிக்கொண்டு போனார்கள். மருந்தும் கொடுத்தார்கள், கிழமைக்குக் கிழமை இருத்திக் கதைத்தார்கள். அந்த வருடம் பரீட்சை எடுக்கவில்லை. முதலில் வந்தது நித்திரை. பிறகு பசி. கல்யாணி எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் வந்தது. அவள் இன்றைக்குப் பெரிய மேடைக் கலைஞர் ஒன்றும் இல்லை. நாலு சின்னப் பிள்ளைகளுக்கு சரளி வரிசை சொல்லிக் கொடுக்கிறாள், கோயிலில் பஜனைக்கு வாசிக்கிறாள். போதாதா?

இனி ரக்மனினோவ். தம்பி கதையைச் சொன்னார், வருடத்தைச் சொல்லாமல் விட்டார். நான் சொல்கிறேன். அவருடைய முதலாவது சிம்பொனி 1897இல் பீட்டர்ஸ்பேர்க்கில் அரங்கேறிப் படுதோல்வி கண்டது. சேசர் குயி என்ற விமர்சகர் அதை பைபிளில் வரும் எகிப்தின் வாதைகளோடு ஒப்பிட்டு எழுதினார். ரக்மனினோவுக்கு அப்போது வயது 24 கூட நிறையவில்லை. அதற்குப் பிறகு ஏறத்தாழ மூன்று வருடம் பெரிய படைப்பென்று ஒன்றுமே எழுதவில்லை. வேதனை உச்சத்தில் இருந்த காலம் அது. எதிரணியின் கணக்குப்படி பாட்டுக் கொட்டியிருக்க வேண்டும்! 1900இல் நிக்கொலாய் டால் என்ற வைத்தியரிடம் போனார். டால் மனோவசியமும் பேச்சுமாகச் சில மாதம் சிகிச்சை கொடுத்தார். டாலும் இசை தெரிந்தவர், இருவரும் இசையைப் பற்றியும் நிறையக் கதைத்திருக்கிறார்கள். அடுத்த வருடம், 1901இல், இரண்டாவது பியானோ கொன்சேர்ட்டோ முழுதாக அரங்கேறியது. அதை யாருக்குக் காணிக்கையாக்கினார் தெரியுமா ஐயா? தோல்விக்கு இல்லை, கண்ணீருக்கும் இல்லை. டாக்குத்தருக்கு! முதற்பக்கத்தில் டாலின் பெயர் இருக்கிறது. எதிரணி தன் சாட்சியை எங்கள் பக்கமே அனுப்பிவிட்டது, நன்றி.

ஜேர்மன் இசைமேதை ஷூமானையும் சொல்லிவிட்டுப் போகிறேன். நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை ஒரே வருடத்தில் எழுதித் தள்ளினார். அது 1840, ஆசைப்பட்ட கிளாராவைக் கைப்பிடித்த வருடம். 1854இல் ரைன் ஆற்றில் குதித்தவரைக் காப்பாற்றி மனநல விடுதியில் சேர்த்தார்கள். அங்கே அவர் இருந்த இரண்டு வருடத்தில் சொல்லத்தக்க இசை எதுவும் வரவில்லை.

மருந்து கலையைக் கொல்லும் என்றார்கள். இதை நாங்கள் மழுப்பப் போவதில்லை. இருமுனைக் கோளாறு என்று ஒரு நோய், மனம் ஒரு காலம் உச்சத்தில் பறக்கும், ஒரு காலம் அதல பாதாளத்தில் கிடக்கும். அதற்கு லித்தியம் கொடுப்பார்கள். டென்மார்க்கின் மனநல வைத்தியர் மோகன்ஸ் ஸ்கௌ, லித்தியம் எடுத்துவந்த 24 கலைஞர்களிடம் விசாரித்து 1979இல் எழுதினார். 12 பேர் படைப்பு கூடியது என்றார்கள். 6 பேர் மாற்றமில்லை என்றார்கள். 6 பேர் குறைந்தது என்றார்கள். அந்த ஆறு பேரை நான் மறைக்கவில்லை. அவர்கள் வைத்தியரோடு கதைத்து அளவைப் பார்க்க வேண்டியவர்கள். 24 பேர் என்பதும் சின்னத் தொகைதான். ஆனால் கலை செத்துப்போகும் என்று மேடையில் அடித்துச் சொல்வதற்கு, மற்றப் பதினெட்டுப் பேர் இடம் கொடுக்கமாட்டார்கள். கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை ஒன்று இன்று இரவு குளிசையை நிறுத்திவிட்டால், தம்பி, கைதட்டல் வாங்கிய நீங்களா போய் நிற்பீர்கள்?

இப்போது எங்கள் மண்ணின் காயம். இதை வாதத்துக்காகத் தூக்கிப் பேச எனக்கு மனமில்லை, எதிரணி எடுத்ததால் பேசுகிறேன். 1995 ஒக்ரோபர் 30 இரவு, போர் துரத்த, வலிகாமத்துச் சனம் முழுவதும் எழுந்து நடந்தது. மழை. ஒரு மிருதங்க வித்துவான் எனக்குச் சொன்னார்: சைக்கிள் கரியரில் உடுப்புப் பையோடு மிருதங்கத்தையும் கட்டிக்கொண்டு போனவர். தென்மராட்சிக்குப் போய்ச் சேரும்போது தோல் ஊறி, தட்டினால் சத்தமே இல்லை. தோலைத் திரும்ப மூட்டுப் பிடித்துத் தர ஆளும் இல்லை. ஆள் கிடைத்த பிறகும் பல மாதம் அவர் அதைத் தொடவில்லை. "கை வரேல்லை பிள்ளை" என்றார், அவ்வளவுதான். திரும்பி வந்து, வீட்டுக்கு ஓடு போட்டு, கோயிலில் ஒரு திருவிழா நடந்து, பழைய கூட்டாளி ஒருவர் வயலினோடு படியேறி வந்தபிறகுதான் கை வந்தது. காயம் பாட்டுக்குப் பொருள் தந்திருக்கிறது, மறுக்கவில்லை. பாடுகிற தெம்பை ஓடும் கோயிலும் கூட்டாளியும் தந்தார்கள்.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் போர்க்காலத்தில் இங்கேயே இருந்து மனநல வைத்தியம் பார்த்தவர், எங்கள் காயத்தை உலகத்துக்கு எழுதிக் காட்டியவர். ஆற்றுவதற்கு வழி தேடித்தான் எழுதினார். செபம், மூச்சுப்பயிற்சி, யோகாசனம் என்று எங்கள் சனத்துக்குப் பழகிய முறைகளையும் சிகிச்சையோடு சேர்த்துக்கொண்டார். அப்படிப் பார்த்தால் "ஆ" என்று நீட்டிப் பாடிப் பழகும் அகார சாதகமே, ஒழுங்காகச் செய்தால், பாதி மூச்சுப்பயிற்சிதான். இது என் சொந்த அபிப்பிராயம், பேராசிரியர் மேல் போடாதேங்கோ.

இந்த ஊர்க்காரருக்கு இந்த ஊர்ச் சாட்சி ஒன்று. வீரமணி ஐயர் மேளகர்த்தா என்னும் 72 தாய் இராகங்களிலும் உருப்படி எழுதினார். விவாதி மேளங்களும் அதில் அடங்கும், பாடகர் பலர் பயந்து ஒதுங்கும் இராகங்கள். வேதனை வந்தால்தான் பேனா எடுப்பேன் என்றிருந்தால் 72 வேதனை வேண்டுமே ஐயா! ஆசிரியத் தொழிலும் செய்துகொண்டு, நாட்டியத்துக்கும் எழுதிக்கொண்டு, இன்று ஒரு மேளம் நாளை ஒரு மேளம் என்று எழுத நித்திரை கொண்ட உடம்பும் நிதானமான மனமும் வேண்டும்.

மணி அடித்துவிட்டீர்கள், ஒரு நிமிடம். அவையில் இருப்பவர்களுக்கு: நித்திரை, பசி, பிடித்த பாட்டு எல்லாம் போய் இரண்டு கிழமைக்கு மேலாகிறது என்றால், யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரே போகக் கூச்சமென்றால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம்.

அடுத்து எதிரணித் தலைவர் எழும்பப் போகிறார். அவர் எங்கள் ஊரில் பெயர்போன வாய்ப்பாட்டு ஆசிரியர், எத்தனையோ பிள்ளைகளை உருவாக்கியவர். அவரிடம் ஒரு கேள்வி. உங்கள் மாணவன் ஒருவன் மூன்று கிழமையாகத் தம்புராவைத் தொடாமல் இருட்டறைக்குள் கிடந்தால், "நல்லது, பெரிய கலைஞனாகப் போகிறான்" என்று சொல்லி விட்டுவிடுவீர்களா, சைக்கிளை எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போவீர்களா? முதலில் இதற்கு விடை சொல்லுங்கள் ஐயா. பிறகு பேச்சைத் தொடங்கலாம். வணக்கம்.