சித்தப்பா கேஸ்ல ஊதுன சீட்டு வெளுத்துப் போச்சு | டிரங்க் டிரைவ் கேஸ் கோர்ட்ல எப்படி நிக்கும்?

வணக்கம்ங்க எல்லாருக்கும். இப்ப நான் ஏற்காடு மலை ரோட்டுல நிக்கறேன், இருபது கொண்டை ஊசி வளைவு இருக்கில்லைங்களா, அதுல ஒரு வளைவுக்கு கொஞ்சம் மேல, பின்னாடி பஸ் ஹாரன் கேக்கும், பொறுத்துக்கங்க. இந்த எடத்துல தான் எங்க சித்தப்பாவ ஒரு கார் அடிச்சுது. மெளகு மூட்டைய வண்டில கட்டிக்கிட்டு கீழ எறங்கிட்டு இருந்தாரு, கார் மேல ஏறி வந்துச்சு, ராங் சைடுல. கால் ரெண்டு எடத்துல ஒடஞ்சு போச்சு, உயிர் தப்புனதே பெரிய விஷயம்.

கார் ஓட்டுனவர் மேல கப்புனு வாடை, கதவ புடிச்சுக்கிட்டு தான் நின்னாரு, பின்னாடியே வந்த எங்க மாமா கண்ணால பாத்தாரு. அப்படி இருந்தும் கோர்ட்ல கண்மூடித்தனமா ஓட்டுனதுக்கு தண்டனை ஆச்சு, குடிச்சுட்டு ஓட்டுனதுங்கற 185வது பிரிவு மட்டும் நிக்காம விழுந்துருச்சு. நான் வக்கீல்ங்க, சேலத்துல கிரிமினல் சைடு பாக்கறேன், அப்ப ஜூனியர், அஸ்தம்பட்டி கோர்ட்டுல பின்னாடி பெஞ்சுல உக்காந்து அது விழறத பாத்தேன். ஏன் விழுந்துச்சுன்னு சொல்லத்தான் இந்த வீடியோ.

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 185. 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராமுக்கு மேல ஆல்கஹால் இருந்தா குத்தம், அவ்ளோதான். நான் ஸ்டெடியா தான் ஓட்டுனேன், யார் மேலயும் இடிக்கலைன்னு சொல்றதெல்லாம் செல்லாது. மொத தடவைன்னா 6 மாசம் வரை ஜெயில், இல்ல 10,000 ரூபா பைன், இல்ல ரெண்டும், திரும்ப மாட்டுனா 2 வருஷம், 15,000. ஆனா அந்த 30ங்கற நம்பர தாண்டுச்சுன்னு காட்டணும் பாருங்க, அது வாடைல வராது, சாட்சி வாய்லயும் வராது. ஊதற மெஷின்ல வரணும், இல்ல லேப் ரிப்போர்ட்ல வரணும்.

எங்க கேஸ்ல டாக்டர் சர்டிபிகேட்ல என்ன இருந்துச்சு தெரியுங்களா? "மது அருந்தியுள்ளார், ஆனால் மது போதையில் இல்லை". கோர்ட்டுக்கு போறவங்க எல்லாருக்கும் இந்த வரி மனப்பாடம். வாயில வாடை, கண்ணு சிவந்திருக்கு, நடை தள்ளாடுதுன்னு பாத்து எழுதறது, ரத்தமே எடுக்கல. இத மட்டும் வச்சு ஒருத்தர் போதைல இருந்தாருன்னு முடிவா சொல்ல முடியாதுன்னு சுப்ரீம் கோர்ட் 1971லயே பச்சுபாய் ஹசனல்லி கார்யானி கேஸ்ல சொல்லிருச்சு. எனக்கு அன்னைக்கு அந்த தீர்ப்பு மேல அவ்ளோ கோவம் வந்துச்சு, ஆனா அது சரியான தீர்ப்புங்க, நெஜமாவே சொல்றேன். தலையில அடிபட்டவங்களும் தள்ளாடுவாங்க, சுகர் எறங்குனவங்களும் நாக்கு கொழறி பேசுவாங்க, அவங்கள குடிகாரன்னு உள்ள தள்ளக்கூடாதுல்ல. அதனால தான் ரத்தம் எடுங்கன்னு தலப்பாடா அடிச்சுக்கறோம்.

அந்த ரத்தமும் எப்ப எடுக்கறாங்கங்கறது தான் பாதி கேஸ். உடம்பு சும்மா இருக்காது, அந்த ஆல்கஹால மணிக்கு, 100 மில்லி ரத்தத்துக்கு சுமாரா 15 மில்லிகிராம் கொறச்சுக்கிட்டே இருக்கும். ஒருத்தருக்கு இடிக்கும்போது 90 இருந்துச்சுன்னு வைங்க, அஞ்சு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுத்தா 15 தான் காட்டும், எதிர்த்தரப்பு வக்கீல் அந்த 15அ தான் தூக்கிப் புடிப்பாரு. 185ல அரெஸ்ட் பண்ணா ரெண்டு மணி நேரத்துக்குள்ள மெடிக்கல் டெஸ்ட் பண்ணியாகணும், இல்லைன்னா கஸ்டடில இருந்து விடணும்னு 202வது பிரிவே சொல்லுது. எடுக்கும்போது ஸ்பிரிட் தொட்டு தோல தொடைச்சா அதையே குறுக்கு விசாரணைல கேப்பாங்க, சோடியம் புளோரைடு போட்ட பாட்டில்ல எடுக்கலைன்னா சாம்பிள் கெட்டு தானாவே ஆல்கஹால் உருவாகலாம்னு கேப்பாங்க, சீல் யார் வச்சா, லேபுக்கு போற வரைக்கும் யார் கைல இருந்துச்சு, எல்லாம் பேப்பர்ல இருக்கணும்.

மெஷின் விஷயத்துக்கு வரேன், இது தான் என் மனசுல ஆறாதது. ஸ்டேஷன்ல கார் ஓட்டுனவர ஊத வச்சிருக்காங்க, சீட்டும் வந்திருக்கு. விசாரணைல கேஸ் கட்ட பிரிச்சு அந்த சீட்ட எடுத்து நீட்டுனா வெள்ளப் பேப்பர்! பஸ் டிக்கெட் மாதிரி தெர்மல் பேப்பர்ங்க, மாசக்கணக்குல கிடந்து எழுத்து பூரா அழிஞ்சுருச்சு, ஒரு ஓரத்துல தேதி மட்டும் மங்கலா தெரியுது. யாரும் ஜெராக்ஸ் எடுத்து வைக்கல. மாஜிஸ்ட்ரேட் அத வெளிச்சத்துல தூக்கி திருப்பி திருப்பி பாத்தாரு, பாத்துட்டு கீழ வச்சுட்டாரு. சித்தப்பா ஊன்றுகோல புடிச்சுக்கிட்டு என்னையே பாக்கறாரு. நம்பர் தெளிவா இருந்திருந்தாலும் அடுத்த கேள்வி ரெடியா இருந்துச்சு, மெஷின் சீரியல் நம்பர் என்ன, கடைசியா எப்ப காலிபரேஷன், அதாவது மெஷின் சரியா காட்டுதான்னு செக் பண்ணீங்க, ஊதறதுக்கு முன்னாடி பதினஞ்சு நிமிஷம் விட்டீங்களா, ஏன்னா மவுத்வாஷ் கொப்புளிச்சவர் உடனே ஊதுனா வாயில இருக்கறது தான் காட்டும்.

ஊதவே மாட்டேன்னு அடம் புடிச்சா தப்பிச்சுக்கலாம்னு நெறைய பேரு நெனைக்கறாங்க. 205வது பிரிவு இருக்குங்க, தகுந்த காரணம் இல்லாம ஊதவும் ரத்தம் குடுக்கவும் மறுத்தா அதையே போலீஸ் தரப்பு சாட்சிக்கு பலமா கோர்ட் எடுத்துக்கலாம். ஆனா மறுத்தாருன்னு அப்பவே எழுதியிருக்கணும். பொம்பளைங்ககிட்ட ஆம்பள டாக்டர் ரத்தம் எடுத்தா பக்கத்துல ஒரு பொண்ணு இருக்கணும், இதுவும் சட்டத்துலயே இருக்கு.

இன்னொண்ணு, வண்டிய நான் ஓட்டல டிரைவர் தான் ஓட்டுனான்னு கடைசில மாத்துவாங்க. அதனால சீட்ல யார் இருந்தாங்கன்னு பாத்தவங்க பேர் நம்பர் உடனே வாங்கிக்கங்க.

உங்க வீட்ல யாருக்காவது இப்படி ஆச்சுன்னா, மொதல்ல 108, அப்புறம் 112. போலீஸ் வந்ததும் ஒரு நோட்டு பேப்பர்ல எழுதிக் குடுங்க, டைம் போட்டு, அத போட்டோவும் எடுத்துக்கங்க. நான் வண்டி பெட்டில இத எழுதியே வச்சிருக்கேன், பாருங்க, படிக்கறேன்: "ஐயா, வாகனம் ஓட்டியவர் மது அருந்தியிருப்பதாகச் சந்தேகிக்கிறோம். மூச்சுப் பரிசோதனை செய்து, ரத்த மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறோம். ஊதிய சீட்டின் நகலை இன்றே எடுத்துக் கோப்பில் வைக்கவும்."